வகிடு இல்லாத கொண்டை

ஹட்டனில் அழகுக்கலை வகுப்பு நடத்தும் பெண் ஒருவர் போன மாதம் என்னைத் தேடி வந்தார். தோள்வரை உள்ள முடியில் பழைய காலத்துக் கொண்டை போடுவது இப்போது கல்யாண வீடுகளில் மறுபடி பரவியிருக்கிறதாம். பிள்ளைகள் போனில் பார்த்துப் பார்த்துப் போடுகிறார்கள், மாலை விழுவதற்குள் சரிந்துவிடுகிறது, நீங்கள் இத்தனை வருடம் போட்ட ஆள், முறையை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுதுவது எனக்குச் சுலபமில்லை. ஆனாலும் சரி என்றேன். ஊசி குத்தும் விதத்தை மட்டும் எழுதுவேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் சுகந்தி என்ற பிள்ளையின் கல்யாணத்தையும் சேர்த்து எழுதுகிறேன். அந்தக் கல்யாணம் நிலைப்பதும் கலைவதும் ஒருநாள் காலையில் என் கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு முறையை மட்டும் சொன்னால் பொய் சொன்னதாக ஆகும்.

நான் பிறந்தது வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம். பதினான்கு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு அம்மா கையில் அகப்பட்டதை எறிவார். ஒருநாள் இஸ்திரிப்பெட்டி வந்தது. மறுநாள் கிளம்பி எதிர்ப்பக்கத் தெருவில் இருந்த சலூனில் விழுந்த முடியைக் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஆறு வருடம். பிறகு பெய்ரூட், மாலைதீவு, கண்டி, பண்டாரவளை. பண்டாரவளையில் ஒருவரைக் கட்டினேன். அவர் இரண்டு வருடம் முடியும் முன்பே என்னை விட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் இருந்துவிட்டு நானும் போனேன். எந்த ஊரிலும் என்னை யாரும் துரத்தவில்லை. எனக்குத்தான் ஓர் இடத்தில் இருக்க வரவில்லை. தொழிலை மட்டும் ஒரே இடத்தில் கற்றுக்கொண்டேன், அந்தக் கொழும்புச் சலூனில்.

சலூன்காரி மிஸ் டோரீன், பறங்கிப் பெண்மணி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய தாயார் அந்தக் காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானிமாருக்கு நடன விருந்துக்குத் தலை அலங்காரம் செய்தவர். அந்தக் கொண்டைகளையெல்லாம் மிஸ் அப்படியே கையில் வைத்திருந்தார். வாடிக்கையாளர் முன்னால் எங்களைத் திட்டியதே இல்லை. பிடிக்காவிட்டால் எங்கள் கையிலிருந்து சீப்பை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவார். அவ்வளவுதான். ஈரச் சீப்பை எடுத்துத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இடுப்புவரை முடி உள்ளவர்கள் வந்தால் மிஸ்ஸுக்குப் பிடிக்காது. அது சுமை, சொன்னபடி கேட்காது என்பார். காதோடு வெட்டிய முடி எட்டாது. தோளைத் தொட்டு நிற்கும் முடிதான் அவருக்கு வேண்டும். முந்தின நாளே கழுவி, ஈரம் இருக்கும்போது உருளைகளில் சுற்றிக் காயவிடுவார். அவிழ்த்ததும் சீவ விடமாட்டார், சூடு ஆற வேண்டும். பிறகு முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பின்பக்கம் என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் அடிமுடியைத் தலையை நோக்கி மூன்று தடவை தள்ளிச் சீவ வேண்டும். மூன்றுதான். நாலாவது தடவை சீவினால் முடி அறுந்து பஞ்சாகிவிடும். முன்முடியை மேலே தூக்கி, பாய் சுருட்டுவதுபோல உள்பக்கமாகச் சுருட்டி உச்சிக்குக் கொண்டுவருவோம். பின்பக்கத்தில் காதுக்குக் காது ஒரு திண்டு வைப்போம். அந்தத் திண்டு கடையில் வாங்கியது அல்ல. அந்தந்த ஆளின் சீப்பில் வந்த முடியைச் சேர்த்து வலைக்குள் அடைத்துச் செய்தது. நிறம் அப்போதுதான் சேரும். அதன்மேல் பின்முடியை மேல்நோக்கிச் சுருட்டினால் கழுத்து துலக்கமாகத் தெரியும். ஊசியை ஒற்றையாகக் குத்தக்கூடாது. ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் போக வேண்டும். எல்லாச் சுருளும் உச்சியில் வந்து ஒரே ஊசியில் முடியும். மிஸ் அதற்குச் சாவி என்று பெயர் வைத்திருந்தார்.

ஆனால் சீப்பைத் தொடும் முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தத் தலைக்கு இன்றைக்கு என்ன வேலை? ஆடப்போகிறதா, கோயிலில் முழந்தாளிடப்போகிறதா, முக்காடு போடுமா, காரில் சாய்ந்து தூங்குமா? அதைக் கேட்காமல் நான் ஒருநாள் முன்முடியைச் சுருட்டிவிட்டேன். மிஸ் சீப்பைத் தொட்டியில் போட்டார்.

"பாக்கியம், தலை கேக் இல்லே. மேசையிலே வச்சிட்டுப் போக ஏலாது. அது எழும்பி நடக்கும்" என்றார்.

பல வருடம் கழித்து நுவரெலியாவுக்கு வந்தேன். பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருந்தார்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கல்யாண ஜோடிகள் வந்து, அந்தக் காலத்துத் துரை, துரைசானி மாதிரி உடுத்திப் படம் எடுப்பார்கள். மிஸ் டோரீனின் கொண்டைகளுக்கு அங்கே நல்ல கிராக்கி. ஒருநாள் மாலை ஒரு மணப்பெண்ணுக்கு நான் போட்ட சுருள் எனக்கே பிடித்திருந்தது. படம்பிடிக்கிறவர், பின்னால் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி நிற்க வேண்டும் என்றார். பறிக்கிறவர்கள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஹோட்டல் மேனேஜர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்க தோட்டத்து ஆள்தானே. ரெண்டு நிமிஷம்" என்றார்.

கூடையை மாட்டினார்கள். கயிறு உச்சந்தலையில் ஏறியது. என் அம்மாவுக்கு அந்தக் கயிறு ஓடிய இடத்தில் முடியே கிடையாது, விரல் அகலத்துக்கு வழுவழுப்பாக இருக்கும். நான் நின்றேன். படத்தில் முன்னால் என் கைவேலை, பின்னால் நான். அந்த வாரமே ஹோட்டலை விட்டுவிட்டு ஹட்டனுக்கு வந்து சொந்தமாகத் தலை கட்டத் தொடங்கினேன். நம் ஆட்களுக்கே செய்வோம் என்று பெருமையாகத்தான் வந்தேன்.

சுகந்தி அப்படித்தான் என்னிடம் வந்தாள். றொசல்லப் பக்கத்துத் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே சல்லடை மெஷினில் வேலை செய்தவள். முடியை மூடும் தொப்பி பெரிய ஆட்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் கொடுப்பார்கள். மற்ற நாளில் பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொள்வார்கள். ஒருநாள் அது அவிழ்ந்து பெல்ட்டில் போய்விட்டது. வலது காதுக்கு மேலிருந்து உச்சிவரை, உள்ளங்கை அகலத்துக்குத் தோலோடு போனது. ஆஸ்பத்திரியில் மிச்ச முடியையும் வெட்டினார்கள். இரண்டு வருடத்தில் அது தோள்வரை வளர்ந்திருந்தது. அந்த இடம் மட்டும் வளரவில்லை, இனி வளரவும் வளராது.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் தாயும் மகளும் வந்தார்கள். தாய் லெட்சுமி கதவைச் சாத்திவிட்டுத்தான் மகளின் துண்டை அவிழ்த்தார்.

"செடி செத்த மலை மாதிரி இருக்குல்ல அக்கா? கண்டாக்கு பாத்தா புதுக் கன்னு வைக்கச் சொல்லுவாரு" என்று தோட்டத்து மேற்பார்வைக்காரரை இழுத்துச் சுகந்தி சிரித்தாள்.

"வாய மூடுடி" என்றார் லெட்சுமி. என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியாது பாக்கியம். காச்சல்ல முடி கொட்டிருச்சு, வெட்டிட்டோம்னு சொல்லிருக்கோம். மஸ்கெலியாவுல கொஞ்சம் வசதியான ஆளுங்க. இத விட்டா இதுக்கு இன்னொரு எடம் வராது" என்றார்.

சவுரி வைத்துப் பின்னிவிடலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். சவுரியின் பாரத்தைத் தாங்க வலது பக்கத்தில் முடி இல்லை, தழும்புத் தோலும் இழுபடும். பழைய காலத்துச் சுருள் கொண்டை என்றால் முடியும். திண்டைத் தழும்பின்மேல் வைத்து, இடது பக்கத்து முடியை மேலே கொண்டுவந்து அதன்மேல் சுருட்டிவிடலாம். சொல்லும்போதே என் விரல்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. இவ்வளவு கடினமான தலை அதுவரை என்னிடம் வந்ததில்லை.

தாய் தேநீர் வாங்க வெளியே போனதும் சுகந்தி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் அவருகிட்டச் சொல்லிரலாம்னு இருக்கேன். நம்பர் இருக்கு. நல்லாத்தான் பேசுறாரு. கட்டுன பொறகு எப்படியும் பாப்பாருல்ல? முந்தியே சொல்லிட்டா எனக்கு நிம்மதி. நீங்க என்னா சொல்றீங்க?"

யாரும் என்னிடம் இப்படி யோசனை கேட்டதில்லை. அப்போது என் கையில் முன்முடி பாதி சுருண்டிருந்தது. அது எவ்வளவு அழகாக உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லிவிட்டால் இந்தக் கொண்டைக்கு வேலையில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குள் ஓடியது உண்மை.

"கழுத்துல தாலி ஏறட்டும் புள்ள. பொறகு ஆறுதலாச் சொல்லு. என் கை கட்டுனது அவுராது" என்றேன்.

அவள் போனைக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

கல்யாணம் மஸ்கெலியாவில், கோவிலோடு சேர்ந்த மண்டபத்தில். காலையில் அந்தத் தலைக்கு என்ன வேலை என்று நான் கேட்காமல் இல்லை. மாலை மேலிருந்து விழும், அதனால் உச்சியைத் தாழ்த்தினேன். பெரியவர்கள் காலில் விழுந்து எழும்பும், அதனால் பின்பக்கம் இரண்டு ஊசி கூடுதலாகப் போட்டேன். மாப்பிள்ளையின் அக்கா பின்னால் நின்று தாலியின் மற்ற முடிச்சுகளைப் போடுவார், அதனால் கழுத்தில் ஒரு மயிர் இல்லாமல் துப்புரவாக வைத்தேன். மல்லிகையைச் சுருளோடு சுருளாக வளைத்தேன். சுகந்தியை மூன்று தடவை தலையை ஆட்டச் சொன்னேன். ஓர் ஊசியை உருவிப் பார்த்தேன். கொண்டை அசையவில்லை. மிஸ் டோரீன் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்.

கெட்டிமேளம் முடிந்தது. மாப்பிள்ளை விஜயன் ஒரு முடிச்சுப் போட, அவருடைய அக்கா மற்றதைப் போட்டார். கொண்டை நின்றது. லெட்சுமி என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். அப்போது குருக்கள் குங்குமத் தட்டை நீட்டினார்.

"வகிட்டுல வைங்க தம்பி."

முப்பது வருடம் வெள்ளைக்காரத் தலையும் கொழும்புத் தலையும் அரபுத் தலையும் கட்டி, நம் கல்யாணத்தில் மாப்பிள்ளை வகிட்டில் குங்குமம் வைப்பார் என்பதை மறந்திருந்தேன். என் அம்மாவின் வகிட்டில் தினமும் பார்த்த குங்குமம். ஹட்டனில் அதுவரை நான் போட்டதெல்லாம் பின்னல், அதில் வகிடு தானாக வந்துவிடும். அந்தக் கொண்டையில் வகிடே கிடையாது. இடது முடியை வலதுக்கு இழுத்துச் சுருட்டியிருந்தேன், வகிடு எடுக்கவும் வழியில்லை.

விஜயன் கையைச் சுகந்தியின் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்தார். விரல் சுருளின்மேல் நின்றது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டு தன் அத்தையைப் பார்த்தார்.

"என்னா தலை இது, வகிடே இல்லாம. வெள்ளக்காரி மாதிரி" என்றபடி அந்த அம்மா மேடையில் ஏறினார். "இரு தம்பி, நான் பிரிச்சுத் தாறேன்."

"வேணாங்கம்மா, நெத்தியில வச்சாப் போதும்" என்றேன் ஓரத்தில் நின்று.

"நீங்க சும்மா இருங்க. வகிட்டுல குங்குமம் இல்லாம ஒரு பொண்ணு மணவறையில இருந்து எந்திரிப்பாளா?"

அவருடைய மோதிரம் திண்டின் வலையில் சிக்கியது. இழுத்தார். எல்லா ஊசியும் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் வேலை அது, சாவி கழன்றால் மொத்தமும் போகும். திண்டு அவர் கையோடு வந்தது. சுருள் இடது பக்கமாக அவிழ்ந்து விழுந்தது. தழும்பு வெளிச்சத்தில் பளபளவென்று தெரிந்தது. அந்த அம்மா கையில் இருந்ததை ஏதோ செத்த எலியைப்போல உதறினார். மண்டபத்தில் ஒரு குழந்தை மட்டும் சிரித்தது.

சுகந்தி தலையை மூடிக்கொள்ளவில்லை. விஜயனையே பார்த்தாள். அவர் குங்குமம் தொட்ட விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்தார்.

பிறகு நடந்த பேச்சை எழுதத் தேவையில்லை. ஏமாத்திட்டாங்க, மறைச்சுட்டாங்க என்று அவர்கள் பக்கம், மெஷின் செஞ்சதுக்குப் புள்ள என்னா பண்ணும் என்று இவர்கள் பக்கம். பெண்ணையும் தாயையும் மண்டபத்துப் பின் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். ஊசிகளை எடுப்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் வெளியே வந்து கதவை இழுத்துவிட்டேன். விஜயன் நின்றார். அவருக்குப் பின்னால் அத்தையும் நாலைந்து பெண்களும். அதில் இரண்டு பேர் தங்கள் மகள்களுக்கு என்னைச் சொல்லி வைத்திருந்தவர்கள்.

அவர் சத்தம் போடவில்லை. "அக்கா, தழும்பு கெடக்கட்டும். எங்க ஸ்டோர்லயும் கை போன ஆள் இருக்காங்க. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். இத எங்கிட்டச் சொல்லணும்னு அந்தப் புள்ள எப்பவாச்சும் நெனச்சுச்சா? உங்ககிட்ட ஏதும் சொன்னுச்சா?"

ஆமாம் என்று ஒரு சொல். நெனச்சுச்சு, நான்தான் தடுத்தேன் என்று சொன்னால் முடிந்தது. அந்த ஆளின் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது, அவருக்கு அது போதும். ஆனால் அப்படிச் சொன்னால் பெண்ணை உண்மை பேசவிடாமல் தடுத்தவள் நான் என்று ஆகும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவரை எந்தக் கல்யாண வீட்டுப் படியும் ஏற முடியாது. பின்னால் நின்ற பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் தலை கட்ட வந்தவ தம்பி. அம்மாக்காரி மூடச் சொன்னாங்க, மூடுனேன். அந்தப் புள்ள எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சாப்பிடாமலே அவர்கள் வேன் கிளம்பியது.

நான் உள்ளே போனேன். லெட்சுமி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "ஊசிய எடுத்து விட்டுருங்க அக்கா, வலிக்குது" என்றாள் சுகந்தி. தரையில் உட்கார்ந்து தலையை என் மடியில் சாய்த்தாள். மிச்ச முடிக்குள் சிக்கியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

பதிவுத் திருமணம் அடுத்த வாரம் என்று வைத்திருந்தார்கள். அது நடக்கவில்லை. சுகந்தி விஜயனுக்குப் போன் செய்து, முந்தியே சொல்லத்தான் இருந்தேன் என்று சொன்னாளாம். "தலை கட்டுன அக்காகிட்டயே கேட்டேன், நீ அப்படி ஒண்ணும் சொல்லலன்னாங்க" என்று அவர் வைத்துவிட்டாராம். லெட்சுமிதான் பிறகு இதைச் சொன்னார், யார் குற்றம் என்று தெரியாமல், என்னைத் திட்டாமல். தாலியைப் பெரியவர்கள் மூலம் திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்கு ஒன்றும் குறையவில்லை. பாவம், தலை கட்டினவளுக்கு ஒன்றும் தெரியாது, சொன்னதைச் செய்தாள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை வைத்து இன்னும் எட்டு வருடம் தலை கட்டினேன். எல்லா மணப்பெண்ணுக்கும் முன்னால் விரல் அகலத்துக்கு வகிடு விட்டுத்தான் சுருட்டினேன். வகுப்புப் பிள்ளைகள் அதைக் குறித்துக்கொள்ளட்டும். விரல் மூட்டு வீங்கி ஊசி பிடிக்க முடியாமல் போனதும் நிறுத்திவிட்டு வட்டகொடைக்கே திரும்பினேன்.

போன வருடம் நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் கையைக் காட்டிவிட்டு ரயிலேறினேன். எதிர் இருக்கையில் முடியை ஆண்பிள்ளைபோல ஒட்ட வெட்டிய ஒரு பெண். துண்டு, தொப்பி ஒன்றும் இல்லை. தழும்பைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. கொழும்பில் தையல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராம். அம்மாவைப் பார்க்க வருகிறாளாம். வடையை உடைத்துப் பாதி கொடுத்தாள். கையைப் பற்றி விசாரித்தாள். ரயில் வட்டவளையைத் தாண்டியது. அடுத்தது றொசல்ல, அவள் இறங்கிவிடுவாள், இனி நேரமில்லை என்று வாயைத் திறந்தேன்.

"புள்ள, அன்னைக்கு அந்தத் தம்பி கதவுகிட்ட வந்து ஒண்ணு கேட்டாரு. நான் அதுக்கு…"

"தெரியும் அக்கா. நான் கதவுக்குப் பின்னாலதானே நின்னேன்."

"கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு."

"அப்ப வெளிய வந்து, இல்ல, நான் சொன்னேன்னு சொல்லிருக்கலாம்ல?"

அவள் விரலில் இருந்த எண்ணெயைக் காகிதத்தில் துடைத்தாள். "அத்தன பேருக்கு முன்னால உங்களப் பொய்க்காரின்னு சொல்லணுமே. நீங்க பொழைக்க வேண்டிய ஆளு. எனக்கு அன்னைக்கே எல்லாம் முடிஞ்சுருச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று பார்ப்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

றொசல்லயில் ரயில் நின்றது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் வட்டகொடைவரை உட்கார்ந்து போனேன். அந்த அறையின் கதவை இழுத்துவிட்டுப் பேசியதும், உள்ளே போனதும், தரையில் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. நான் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பிள்ளை என் மடியில் தலையை வைத்திருக்கிறாள், முக்கால் மணி நேரம், கடைசி ஊசிவரை.